மூன்று ஸ்பூன் எண்ணெய்

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் பக்கம் வடிவமைப்பது என் வேலை. உட்கார்ந்தே இருந்ததில் ஈரலில் கொழுப்புப் படிந்துவிட்டது. எண்ணெயைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். மதியச் சோற்றைப் பாதியாக்கி, வெள்ளரியும் கேரட்டும் வெங்காயமும் நறுக்கிக் கொண்டுபோனேன். வெறும் காயை எத்தனை நாள் மெல்ல முடியும்? ஒரு நாள் எலுமிச்சைச் சாற்றில் இஞ்சியைத் தட்டிப் போட்டுப் பிசறினேன். இன்னொரு நாள் ஆடை எடுத்த தயிரில் வறுத்த சீரகமும் மிளகும். அப்புறம் மோரில் அரைத்த புதினா, நீர்க்கக் கரைத்த புளியில் பச்சைமிளகாய். எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது. எட்டு மாதத்தில் ரவிக்கைகளையெல்லாம் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது.

முதலாளி அதைக் கவனித்திருக்கிறார். "ஏம்மா, நீ திங்கத எழுதிக் குடேன். மாசக் காலண்டர்ல ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலயும் ஒண்ணு போட்டுருவோம்" என்றார். பன்னிரண்டு எழுதினேன். ஒவ்வொன்றையும் வீட்டில் இரண்டு தடவை செய்து பார்த்து அளவு போட்டேன். என் பெயரும் வரும் என்றார். எனக்கு அதில் பெருமைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போக மூன்று நாள் லீவு எடுத்தேன். திரும்பி வந்தபோது ஆறு மாதத் தாள்கள் அச்சாகிக் கிடந்தன. ஒன்றைப் புரட்டினேன். 'உடல் எடை குறைய' என்ற தலைப்பு அப்படியே இருந்தது. எலுமிச்சைச் சாற்றின் இடத்தில் 'எண்ணெய் மூன்று ஸ்பூன்'. தயிரின் இடத்திலும் அதேதான். ஆறு தாளிலும் கீழே என் பெயர். ஆர்டர் கொடுத்தவர் விருதுநகர் எண்ணெய் வியாபாரி.

தாளோடு முதலாளி அறைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, நான் எழுதுனது இதில்லையே."

"எலுமிச்சம்பழமாம்மா நமக்கு ஆர்டர் குடுக்குது?"

"அப்ப தலைப்பையாவது மாத்துங்க. சீக்காளிக நம்பி ஊத்தித் திம்பாக."

அவர் சிரித்தார். "பின்பக்கத்த எவன் படிக்கான்? தேதி பாக்கத்தானம்மா காலண்டரு."

அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிச்சத் தாளில் பெயரையும் தலைப்பையும் எடுக்காவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வர மாட்டேன் என்று கத்தினேன். மெஷின்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சீசன் நேரம், ஆள் கிடைக்காது. மிச்ச ஆறில் எடுத்தார். அச்சான ஆறும் அப்படியே அதோடு சேர்ந்து லோடு ஏறிப் போயிற்று.

ஜனவரியில் பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டாள். விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போகிறவள். சர்க்கரை வியாதி.

"அக்கா, ஒங்க சாலட்தான் தெனமும். மூணு ஸ்பூனு ஊத்தித் திங்கேன், ருசியா இருக்கு. எடதான் எறங்க மாட்டேங்கு."

பேனா வாங்கி அவள் வீட்டுக் காலண்டரின் ஆறு தாளிலும் எண்ணெயை அடித்து, சரியானதை எழுதினேன். அப்புறம் எங்கள் தெருவில் அந்தக் காலண்டர் தொங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஏறி இறங்கினேன். பதினொரு வீடு. மற்ற ஊர்களுக்கு நான் எங்கே போவேன்? இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். முதலாளியிடம் வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசுவதில்லை.