நடுப்பகலில் கதவைத் தட்டக்கூடாத தெரு

புதன்கிழமை காலை 6.10. முந்தின நாள் மாலை கோவில்பட்டியில் ஏறிய பேருந்து என்னைச் சென்னைக்கு வெளியே கிளாம்பாக்கத்தில் இறக்கிவிட்டது. பையில் இரண்டு நாளைக்கான புடவைகளும் மகளுக்கு ஒரு டப்பா சீவலும் இருந்தன. மனதில் யாரிடமும் சொல்லாத ஒரு முடிவு இருந்தது. அவள் இருக்கும் ஊர் சரியில்லை என்று பட்டால், மலரைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும்.

மலர் என் ஒரே மகள். டிப்ளமோ முடித்துவிட்டு, வல்லம் வடகாலில் வாகன விளக்குகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒரு வருடமாக வேலை பார்க்கிறாள். வேலை உறுதியாகிவிட்டவர்களுக்கு அங்கே விடுதி கிடையாது. மாதக் கடைசிக்குள் வெளியே அறை பார்த்தாக வேண்டும். "தனியாத்தான் இருக்கப்போறேன், எடம் பாக்க நீயும் வா" என்று போனில் சொன்னாள். அந்தப் போன்தான் போன மாதம் ஒரு பகல், ஒரு இரவு முழுக்க எடுக்கப்படாமலே அடித்துக்கொண்டிருந்தது. தொழிற்சாலைக்குள் போனைக் கொண்டுபோக முடியாது. வாசல் பெட்டியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். ஷிப்ட் முடிந்து கூடுதல் நேர வேலை, அதன் பிறகு அடித்துப்போட்டது போலத் தூக்கம். காரணம் அவ்வளவுதான். ஆனால் அன்று மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த நான், ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில் அடுத்தது என்னவென்று தெரியாமல் நின்றுவிட்டேன். அந்த நடுக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

காலை 7.20. வண்டலூர், படப்பை கடந்து ஒரகடம் சந்திப்பில் இறங்கினேன். இருபத்திரண்டு வருடம் ஆசிரியராக இருக்கிறேன். ஊர்வலம், திருவிழா, தேர்தல் என்று கூட்டம் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படியொரு காட்சியைப் பார்த்ததில்லை. ஆறு வழிச்சாலையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பெனிப் பேருந்துகள். பத்து வரை எண்ணினேன், இருபது வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். ஒவ்வொன்றின் ஜன்னலிலும் தலை சாய்த்துத் தூங்கும் முகங்கள். நடுவே புத்தம் புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு போகும் நீண்ட லாரிகள். எதிரே ஒரு கடையின் பெயர்ப்பலகையில் தமிழும் இந்தியும், அவற்றுக்குக் கீழே எனக்குத் தெரியாத ஓர் எழுத்தும். கொரிய எழுத்து என்று மலர் பிறகு சொன்னாள்.

சாப்பாட்டுக் கடையில் இட்லி கேட்டேன்.

"இட்லிக்கு லேட்டாவும்மா. சாம்பார் சாதம், முட்டை தொக்கு சூடா கீது, போடட்டா?" என்றார் கடைக்காரர்.

"காலைலேயேவா?"

"உனக்குக் காலைல. அதோ குந்திகினு கீறாங்களே, அவங்களுக்கு இது ராத்திரி சாப்பாடு. நைட் ஷிப்ட்டு முடிஞ்சி வராங்க."

பெஞ்சில் கழுத்தில் அடையாள அட்டையோடு எட்டுப் பேர் அமைதியாகச் சாதம் பிசைந்துகொண்டிருந்தார்கள். சூரியன் அவர்கள் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது.

காலை 9.30. அன்று மலருக்கு வார ஓய்வு. ஸ்ரீபெரும்புதூரில் என்னைச் சந்தித்தாள். இளைத்திருந்தாள், ஆனால் நடையில் ஒரு வேகம் வந்திருந்தது. முதலில் மண்ணூர் போனோம். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சொல்லி வைத்திருந்த வீடு. பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. பக்கத்தில் பிள்ளையார் கோயில், வாசல்தோறும் கோலம், எல்லாக் கதவும் திறந்திருந்தது, பெண்கள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"இதையே முடிச்சிரலாம்ட்டி" என்றேன்.

"எம்மா, பஸ் நிக்கிற எடம் வரைக்கும் ஒரு தடவ நடந்து பாப்பமா?"

நடந்தோம். பத்தொன்பது நிமிடம். அதில் பாதித் தூரம் ஒரு பக்கம் தொழிற்சாலை மதில், இன்னொரு பக்கம் முள்செடி. கடை ஒன்றுகூட இல்லை.

"ரெண்டாவது ஷிப்ட்டு முடிஞ்சா ராத்திரி பத்தே முக்காலுக்கு நான் இது வழியாத்தாம்மா வரணும்" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

காலை 11.40. மலர் விசாரித்து வைத்திருந்த இன்னொரு இடம், பென்னலூர். ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"வூடு பாக்கவா? பொண்ணு எந்த ஷிப்ட்டு?"

எங்கள் பக்கம் வாடகை வீடு கேட்டுப் போனால் சுற்றி வளைத்துக் கடைசியில் "நீங்க என்ன ஆளுக?" என்பதில் வந்து நிற்பார்கள். இங்கே கடைக்காரர், ஆட்டோக்காரர், போனில் பேசிய வீட்டுக்காரம்மா எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். எந்த ஷிப்ட்?

ஆட்டோ நின்ற தெருவில் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தேன். எதிரெதிராகப் பத்துப் பத்து கதவுகள் கொண்ட இரண்டு வரிசை வீடுகள். ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. சிலவற்றில் பூட்டு. ஜன்னல்களில் உள்பக்கமாகக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. பூட்டாத கதவுகளின் தாழ்ப்பாளில் சிவப்புத் துணி முடிந்திருந்தது. மனித நடமாட்டமே இல்லை. வீட்டுக்காரம்மா தேவகி பத்து நிமிடத்தில் வருவதாகச் சொல்லியிருந்தார். மலர் தண்ணீர் வாங்க முனைக்கடைக்குப் போனாள்.

ஆளே இல்லாத தெருவில் என் மகளைத் தனியாக விடுவதா? ஊருக்குப் போகும் பேருந்து எத்தனை மணிக்கு என்று நினைக்கவே ஆரம்பித்துவிட்டேன். ஆனாலும் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை விசாரிப்போமே என்று மூன்றாவது கதவை விரல் முட்டியால் தட்டினேன். பதில் இல்லை. இன்னும் பலமாகத் தட்டி, வகுப்பறைக் குரலில் "வீட்ல யாரு?" என்று கேட்டேன்.

அடுத்த நொடி எதிர்வரிசையில் ஒரு கதவு படாரென்று திறந்தது.

"ஏய் ரேவதி! இன்னாடி ஆச்சி?"

"ரேவதி வூட்டுக் கதவ எவனோ தட்றான்டி!"

இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் இரண்டு, எதிரே மூன்று என்று கதவுகள் திறந்தன. நைட்டியும் கலைந்த தலையுமாக ஏழு இளம்பெண்கள். ஒருத்தி கையில் சப்பாத்திக் கட்டை, ஒருத்தி கையில் துடைப்பம். என்னைச் சுற்றி நின்றார்கள். கடைசியாக நான் தட்டிய கதவு திறந்தது. செய்யாறு பக்கத்திலிருந்து வந்து நான்கு வருடமாக அங்கே குடியிருக்கும் ரேவதி, கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாம்மா நீ, மணி பன்னெண்டு! இந்த நேரத்துல வந்து கதவ தட்றியே, நல்லா கீதா?"

"பகல் பன்னெண்டுதானம்மா" என்றேன்.

"உனக்குத்தான் பகலு. எங்களுக்கு நடு ராத்திரி. ஆறு மணிக்கு ஷிப்ட்டு வுட்டு வந்து இப்பதான் கண்ணு அசந்தோம். கதவுல துணி கட்டிகீதே, பாக்கல?"

"பாத்தேன். ஏதோ கோயில் கொடைக்குக் காப்பு கட்டியிருக்காகன்னு நெனைச்சேன்."

சப்பாத்திக் கட்டைக்காரி முதலில் சிரித்தாள்.

"காப்பாம்டி! எந்த சாமிக்கும்மா, நைட் ஷிப்ட்டு சாமிக்கா?"

துணி கட்டியிருந்தால் உள்ளே ஆள் தூங்குகிறது என்று பொருளாம். தொழிற்சாலையில் எண்ணெய் துடைக்கும் துணிதான் அது. துணி இருக்கும் கதவைப் பால்காரரும் தட்டமாட்டார், சிலிண்டர்காரரும் தட்டமாட்டார். தட்டினால் திருடன் அல்லது விபரீதம். அதனால்தான் கட்டையோடு ஓடிவந்தார்கள். தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்த மலர், "எம்மா, என்ன செஞ்சு வச்சிருக்க!" என்று தலையில் கைவைத்தாள். ரேவதி கொட்டாவி விட்டுக்கொண்டே, "வுடு, அதான் எழுப்பிட்டாங்களே. டீ போடறேன், குந்துங்க" என்றாள்.

தேவகி வந்து எங்களுக்குக் கடைசி அறையைத் திறந்து காட்டினார். வாடகை ஐயாயிரத்து ஐந்நூறு. அறை சிறியது, சுத்தமானது.

"இது முன்ன எங்க நெல்லுக் கயனிம்மா. இப்ப இதான் வெள்ளாமை. ஒண்ணு கேட்டுக்கோ, ஒரே ஷிப்ட்டு ஆளுங்களா நான் வைக்கறதில்ல. மூணு கம்பெனி, மூணு ஷிப்ட்டு, கலந்துதான் வைப்பேன். அப்பதான் எந்நேரமும் லைன்ல பாதி பேரு இருப்பாங்க. இப்ப பூட்டிகீறதெல்லாம் மொத ஷிப்ட்டு. இந்த ரூம ஒரு மொத ஷிப்ட்டு பொண்ணுக்காவ ரெண்டு வாரமா காலியா போட்டுக்கினு கீறன்."

"மூணு ஷிப்ட்டும் மாறி மாறி வருமே அக்கா" என்றாள் மலர்.

"எல்லாருக்கும்தான் மாறுது. அல்லாம் சேந்தாப்புலதானே மாறுது, கணக்கு சரியா வரும்."

படித்த என் மூளைக்கு அந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ளச் சிறிது நேரம் பிடித்தது. எந்த நிர்வாகப் பட்டமும் வாங்காத அந்த அம்மாள், இருபது கதவுகளை ஒரு கடிகாரம் போல அடுக்கி வைத்திருந்தார்.

"எம்மா, ஒனக்குப் பிடிக்கலைன்னா சொல்லிரு" என்றாள் மலர். அவள் குரலில் கெஞ்சல் இல்லை. ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் தெருவில் ஒரு நடுநிசியில் அடுத்த வீட்டுக் கதவை யாரோ ஓங்கி ஓங்கித் தட்டினார்கள். நான் எழுந்து விளக்கை அணைத்துவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தேன். காலையில்தான் தெரிந்தது, நெஞ்சுவலி வந்த அந்த வீட்டுக்காரரைக் கூட்டிப்போக வந்த அவருடைய மச்சினர் என்று. இங்கே நான் தட்டியதற்கும் முதல் கதவு திறந்ததற்கும் இடையில் மூச்சு ஒன்று விட்டிருப்பேனா?

"இங்கயே இரு" என்றேன்.

வியாழக்கிழமை காலை 5.05. முந்தின மாலையே விடுதியைக் காலிசெய்து குடிவந்துவிட்ட மலரின் வாசலிலிருந்து கம்பெனிப் பேருந்து நிற்கும் இடம் நூற்று நாற்பது காலடி. நானே நடந்து எண்ணினேன். விடியாத இருட்டில் ஒவ்வொரு சந்திலிருந்தும் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். தலை சீவி, பூ வைத்து, காலில் கனத்த ஷூவோடு. அரைமைல் தூரத்தில் வரும் விளக்கைப் பார்த்தே "ஒங்க வண்டிடி" என்று ஒருத்திக்கு ஒருத்தி சொன்னார்கள். மலர் ஏறினாள். கையசைத்துவிட்டு உடனே பக்கத்து இருக்கைக்காரியோடு பேச ஆரம்பித்துவிட்டாள்.

பகல் 11.30. நான் கிளம்ப வேண்டும். மாற்றுச் சாவியை ரேவதியிடம் கொடுத்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. அவள் கதவில் துணி இருந்தது. பையை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். கிளாம்பாக்கத்தில் நான்கு மணி வண்டிக்கு முன்பதிவு செய்திருந்தேன். போகட்டும் என்று தோன்றியது. புதிதாக வந்த ஒரு பார்சல்காரர் யாரோ பெயரைச் சொல்லிக் கூவ வாயெடுத்தார். நான் எழுந்து ஓடி, உதட்டில் விரல் வைத்தேன். வகுப்பில் பிள்ளைகள் அடங்குவது போலவே அடங்கினார். வெயில் ஏற ஏற அந்தத் தெருவின் அமைதி எனக்குப் பழகியது. துணி கட்டிய ஒவ்வொரு கதவுக்குள்ளும் யாரோ பெற்ற பிள்ளைகள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

1.50க்கு ரேவதி கதவைத் திறந்தாள்.

"ஐய, எப்பலேந்து குந்திகினு கீற? என்ன எழுப்பக் கூடாதா?"

"நேத்து எழுப்பினதே போதும்மா."

சிரித்தபடி சாவியை வாங்கிக்கொண்டாள். "மலரு மூணு மணிக்கு வந்து படுக்குமே, அதுக்குத் துணி கீதா?"

அடுப்பு, வாளி, பாய் எல்லாம் வாங்கிக் கொடுத்திருந்தேன். அது தோன்றவில்லை. ரேவதி தன் தாழ்ப்பாளிலிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்து, பல்லால் கடித்து இரண்டாகக் கிழித்தாள். ஒரு பாதியைக் கொண்டுபோய்க் கடைசி அறையின் ஜன்னல் கம்பியில் சொருகினாள். "வந்ததும் நானே கட்டி வுடறேன். நீ கெளம்பு."

கோவில்பட்டியில் இருபது வருடமாக ஒரே தெருவில் இருக்கிறேன். அங்கே என் மகள் தூங்குவதற்காக ஒருவரும் குரலைத் தாழ்த்தியதில்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்காக நானும் தாழ்த்தியதில்லை. பென்னலூருக்கு மலர் குடிவந்து அன்றோடு ஒரு நாள்தான் ஆகியிருந்தது.