கேரியர் இல்லாத சைக்கிள்

இது நடந்தது. 1982இல், புதுச்சேரியில், சத்தியமாக நடந்தது. "எவனோ கதை விடுறான்" என்று சிரிக்கிறவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம். அமலநாதன் இன்றும் உயிரோடுதான் இருக்கிறான். சைக்கிளை மட்டும் தொடுவதில்லை.

அப்போது அவன் 'பெடல்' என்று ஒரு பத்திரிகை நடத்தினான். முழுக்க முழுக்க சைக்கிள்காரர்களுக்கு. பந்தயம், பஞ்சர், பயணம்... கைக்காசைப் போட்டு மூன்று இதழ் கொண்டுவந்துவிட்டான். நான்காவது இதழின் அட்டைக் கட்டுரை அவன் சிநேகிதன் பலராமனைப் பற்றி. பிள்ளைச்சாவடி ரோட்டில் லாரி அடித்துச் செத்தவன். பின்னால் ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு டபுள்ஸ் போனான், தடுமாறி விழுந்தான், அவள் ஓடிவிட்டாள் என்று போலீஸ் எழுதியது. லாரிக்காரனை விட்டுவிட்டது. அமலநாதன் நம்பவில்லை. பலராமனுடையது ரேஸ் சைக்கிள். கேரியரே கிடையாது! செத்தவன் மேல் போட்ட அந்தப் பழியைத் துடைக்கத்தான் இந்த இதழ்.

முத்தியால்பேட்டையில் அச்சகம் வைத்திருந்த பக்கிரி எல்லாப் பக்கங்களையும் அச்சுக் கோத்துவிட்டார். அட்டைத் தலைப்பை மட்டும் தொடவில்லை. 'டபுள்ஸ் என்பது பச்சைப் பொய்!'

"வேற ஏதாச்சும் போடு தம்பி."

"ஏண்ணே?"

"பொய்யின்னு நான் கோக்க மாட்டேன். என் வீடு பிள்ளைச்சாவடியில. அன்னிக்கு நானும் பாத்தேன். பின்னாடி ஒருத்தி இருந்தா."

அமலநாதன் மேஜையில் ஓங்கித் தட்டினான்.

"எங்கண்ணே உக்காந்திருந்தா? காத்துலயா? லாரிக்காரன் உங்களையும் கவனிச்சிட்டானா?"

பக்கிரி தலையைக் குனிந்துகொண்டார். உண்மை பேசுகிற ஒரு சாட்சியையாவது கூட்டிவருகிறேன் என்று கத்திவிட்டு அமலநாதன் தன் ரேஸ் சைக்கிளில் ஏறினான். அந்த வாரம் பிள்ளைச்சாவடிக்குப் போவது மூன்றாவது தடவை.

மாலை 5.50. டீக்கடை வடிவேல் இரண்டு கிளாஸ் வைத்தார்.

"நான் ஒருத்தன்தான்."

"கூட வந்த அம்மாவுக்கு?"

"யோவ்! உனக்கு எவ்வளவு குடுத்தான்?" ஒரு கிளாஸைத் தட்டிவிட்டான். ஊரே கூட்டு சேர்ந்துகொண்டு தன்னைக் கேலி செய்கிறது என்று நினைத்தான்.

6.10. திரும்பினான். சைக்கிள் கனத்தது. இறங்கிப் பின் டயரை அழுத்திப் பார்த்தான். காற்று நிறைய இருந்தது.

6.18. சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர் லத்தியை நீட்டினார்.

"டேய், டபுள்ஸா? எறக்கி விடுடா அவள."

"எவள சார்? கண்ணு தெரியலயா? நீங்களும் கூட்டா?"

போலீஸ்காரர் அவனுக்குப் பின்னால் பார்த்தார். சீட்டுக்குப் பின்னால்... கீழே... மறுபடி மேலே...

லத்தி தாழ்ந்தது.

"நீ... நீ போ."

மிதித்தான்.

க்ளிங்... க்ளிங்...

வளையல் சத்தம். காதுக்குப் பக்கத்தில்.

வலது தோளில் ஒரு கை...

பிறகு இடது தோளில்.

"மாதாவே!"

திரும்பிப் பார்க்கவில்லை.

அச்சக வாசலில் சைக்கிளோடு விழுந்தான். பக்கிரி ஓடி வந்து தூக்கினார். சட்டையின் இரண்டு தோள்களும் நனைந்திருந்தன.

"இப்பவும் அத போடணுமா தம்பி?"

அமலநாதன் தலையை ஆட்டி மறுத்தான். அந்தப் பயத்திலும் அவனுக்குக் கோபம்தான் வந்தது. பலராமனைக் கொன்றவள் இவள். இவளை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது?

மறுநாள் பஸ்ஸில் அரியாங்குப்பம் போனான். இதழ் வராது என்று பலராமனின் மனைவி வசந்தாவிடம் சொன்னான். அழுவாள் என்று நினைத்தான். சீறினாள்.

"வராட்டி போவுதுண்ணே! சாவறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே நான் அவரோட பேசறத நிறுத்திட்டேன். ஒருத்திய பின்னாடி உக்கார வச்சிகிட்டு ஊரெல்லாம் சுத்துறார்னு தெருவே சிரிச்சுது. கேட்டா, யாருமே இல்லன்னு தலையில அடிச்சி சத்தியம் பண்ணாரு. பாவி, நான் நம்பல. கடைசி நாளு சோறுகூட போடல."

அமலநாதனுக்குத் தன் வீடு ஞாபகம் வந்தது. அவன் மனைவி லூர்துசெல்வி இரண்டு நாளாக அவனோடு பேசவில்லை. ஏன் என்று கேட்டும் அவள் சொல்லவில்லை.