சித்தியின் படம் சுவரில் இருந்த அரை மணி நேரம்

எனக்குப் பத்து வயதானபோது, சித்தியைப் புகழ்பெற்ற மனுசியாக்குவது என்று தீர்மானித்தேன். சித்தியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அது 2010ஆம் ஆண்டு. பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பகுதியில், ரூ காய் வீதிக்குப் பின்னால் ஒரு தெருவில், நான்காம் மாடியில் குடியிருந்தோம். எங்கள் பள்ளியும் பக்கத்து நூலகமும் சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தன. பல நாடுகளிலிருந்து வந்து லா ஷப்பலின் வரலாற்றில் பெயர் பதித்த ஆறு பேரைப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்க வேண்டும். விலாசமில்லாதவர்களின் கடிதங்களை வருடக்கணக்காகத் தன் கடையில் வாங்கி வைத்துக் கொடுத்த அல்ஜீரியக் காப்பிக்கடைக்காரர் ஒருவர். குழந்தைகள் காப்பகம் கேட்டு நகரசபைப் படிகளில் பாய் விரித்து உட்கார்ந்து, அதைப் பெற்றும் விட்ட மாலி நாட்டு அம்மா ஒருவர். தபால் கந்தோரில் ஓய்வுபெற்று, தமிழர்களுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களையெல்லாம் வாசித்துச் சொல்லும் புதுச்சேரிக்காரர் ஒருவர். இப்படி ஐந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். இலங்கையிலிருந்து ஒருவரும் இல்லையா என்று ஆசிரியை கேட்டார். நான் கையை உயர்த்தினேன்.

சித்தி, முந்தைய வருடம் போர் முடிந்த வன்னியிலிருந்து வந்து நான்கு மாதந்தான் ஆகியிருந்தது. உணவகமொன்றில் கோப்பை கழுவினார். லா ஷப்பலின் வரலாற்றில் அவருக்கு எந்த இடமும் இல்லை. ஆனால் அவர் அங்கே தாதியாக இருந்தவர். நானும் அவரும் ஒரே அறை. பின்னேரங்களில் எனக்குத் தலை பின்னிவிடும்போது, நான் நச்சரித்தால் துண்டுதுண்டாகச் சொல்லுவார்: செல் விழுந்துகொண்டிருக்க, பதுங்குகுழிக்குள் டோர்ச் வெளிச்சத்தில் பிள்ளைப்பேறு பார்த்த கதை. அதை நான் வகுப்பில் சொல்லி முடித்தபோது ஆசிரியையின் கண்கள் கலங்கியிருந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சித்தியின் பெட்டிக்குள் வெள்ளைச் சீருடையில் அவர் நிற்கும் படம் ஒன்று இருந்தது. அதை எடுத்துப்போய்ப் பள்ளியில் பிரதி செய்துவிட்டு, திரும்பவும் அதே மடிப்பில் வைத்தேன்.

சித்தப்பா முகாமில் இருக்கிறார் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். முகாம் என்றால் எனக்கு, கோடை விடுமுறையில் பிள்ளைகள் கூடாரமடித்து விளையாடும் இடம்.

திறப்புவிழா ஒரு சனிக்கிழமை மத்தியானம். என் கவிதையை வாசிக்கப்போகிறேன் என்று பொய் சொல்லி அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு போனேன். நூலகம் நிறைந்திருந்தது. சித்தி நேரே போய்ச் சுவரின் கடைசிப் படத்துக்கு முன்னால் நின்றார். அரை ஆள் உயரத்துக்கு, வெள்ளைச் சீருடையில் சித்தி. கீழே அவருடைய முழுப் பெயர், ஊர், வேலைசெய்த ஆஸ்பத்திரி, நான் எழுதிய கதை.

அவர் கட்டிப்பிடிப்பார் என்று காத்திருந்தேன். சித்தி அம்மாவின் கையைப் பிடித்தார். பிடித்த இடம் வெளுத்துப்போனது.

"அக்கா, இதைக் கழட்டச் சொல்லு. இப்பவே கழட்டச் சொல்லு."

அம்மா என் பக்கம் திரும்பினார். "என்னடி செய்து வைச்சிருக்கிறாய்? சித்தப்பா இன்னும் அவங்கடை கையிலையெல்லோ இருக்கிறார்."

யாருடைய கையில் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவின் குரல் ஏன் இவ்வளவு தணிந்திருக்கிறது என்பதும் விளங்கவில்லை. திட்டுவதென்றால் எங்கள் அம்மா கட்டடமே கேட்கத் திட்டுவார். இப்போதோ, சுற்றி நின்ற தமிழ் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துக் கிசுகிசுத்தார்.

ஆசிரியை முன்வரிசையில் நின்றார். நகரசபைப் பெண்மணி பேசத் தொடங்கிவிட்டார். அதற்குள் கமெராவோடு ஒரு தமிழ் இளைஞர் வந்தார். ஏதோ இணையத்தளத்துக்காம். முதல் படத்திலிருந்து வரிசையாக ஒவ்வொன்றையும், கீழே இருந்த எழுத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தார்.

பக்கத்தில் நின்ற புதுச்சேரிக்காரர் அம்மாவின் பேச்சைக் கேட்டுவிட்டார் போலும். "என்னம்மா ஆச்சு? சொல்லுங்க, நான் பார்த்துக்கறேன்" என்றார். அம்மா தயங்கினார். பிறகு இரண்டே வசனத்தில் சொன்னார். அவர் மாலி அம்மாவிடம் போய்க் காதில் ஏதோ சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆசிரியையை நோக்கிப் போனார்.

மாலி அம்மா பெரிய உருவம். மஞ்சள் நிறத்தில் பாயைப்போல அகன்ற அங்கி. மெதுவாக நடந்து வந்து, சித்தியின் படத்துக்கு முன்னால் நின்று, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டார். அங்கியின் கைகள் விரிந்தன. படமும் எழுத்தும் காணாமற்போயின.

எனக்குக் கோபம் பொங்கியது. அவருடைய படம் அங்கே மூன்றாவதாகத் தொங்குகிறது, இங்கே என்ன வேலை? அங்கியைப் பிடித்து இழுத்தேன். "மதாம், இது உங்கள் படம் இல்லை, என் சித்தியின் படம்" என்று பிரெஞ்சில் சொன்னேன்.

அவர் குனியவுமில்லை, அசையவுமில்லை. "தெரியும்" என்றார்.

கமெராக்காரர் வந்துசேர்ந்தார். சற்று விலகி நிற்கும்படி மரியாதையாகக் கேட்டார். கால் வலிக்கிறது, இங்கேதான் நிற்பேன் என்றார் மாலி அம்மா. வேண்டுமானால் என்னை எடு, நானும் இந்தச் சுவரில் இருப்பவள்தான். இளைஞர் ஒரு படம் எடுத்தார். போகவில்லை. அங்கியின் ஓரத்தில் சித்தியின் வெள்ளைச் சீருடையில் ஒரு துண்டு தெரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தார்.

"தங்கச்சி, பின்னாலை இருக்கிறது ஆர்? எங்கடை ஆக்களோ?"

ஒரு மாதமாக நான் காத்திருந்த கேள்வி அது. பதில் முழுவதும் வாயில் நின்றது. சித்தியைத் தேடினேன். அவர் புத்தக அலுமாரிப் பக்கம் திரும்பி, சால்வையைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். சால்வையைப் பிடித்த விரல்கள் நடுங்கின. பதுங்குகுழிக்குள் நடுங்காத விரல்கள் என்று நானே எழுதியிருந்தேன்.

"தெரியாது" என்றேன். பிரெஞ்சில் சொன்னேன். தமிழில் சொல்ல வரவில்லை.

கமெராக்காரர் மறுபடியும் கேட்க வாயெடுத்தார். கைதட்டல் எழுந்தது. நகரசபைப் பெண்மணியைப் படமெடுக்க ஓடிவிட்டார். ஆசிரியை திருகாணி கழற்றியோடு வந்து, மாலி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் புகுந்து படத்தைக் கழற்றினார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி உள் அறைக்குக் கொண்டுபோனார். அப்போதுதான் மாலி அம்மா கைகளை இறக்கினார். சித்தி அவரிடம் போனார். சித்திக்குப் பிரெஞ்சு தெரியாது. அவருடைய கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

சித்தப்பா அடுத்த வருடம் இராணுவத் தடுப்பு முகாமிலிருந்து விடுதலையானார். பாரிஸுக்கு வந்துசேர மேலும் இரண்டு வருடம் பிடித்தது. அன்று அந்தப் படமும் பெயரும் இணையத்தில் போய், அவரைப் பிடித்து வைத்திருந்தவர்கள் கண்ணில் பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசிப் பார்க்கவுமில்லை.

படத்தைக் கழற்றிய அன்று பின்னேரம் அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. சித்திதான் அறைக்குள் வந்து, நான் எழுதியதைத் தமிழில் சொல்லச் சொன்னார். அழுதழுது சொன்னேன். சித்தி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார்.

"ஓம், வடிவாத்தான் எழுதியிருக்கிறாய் பிள்ளை" என்றார். "ஆனா அழுத பிள்ளையளை மட்டுந்தான் எழுதியிருக்கிறாய். தட்டிப் பார்த்தும் அழாத பிள்ளையளும் பிறந்ததுகள்."

அழாத பிள்ளைகள் நல்ல பிள்ளைகள் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்தமுறை அவர்களையும் சேர்த்து எழுதுகிறேன் என்று சித்திக்கு வாக்குக் கொடுத்தேன்.