கீழ்ப்பிரிவுங்க, சார்

எண்பத்திரண்டாம் ஆண்டு. அட்டன் நகரத்தில் ஒரு பாடசாலை. எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது, இன்னும் நிரந்தரமாக்கவில்லை. ஆனால் என் நடையைப் பார்த்தால், அதிபரே என்னிடம் கேட்டுத்தான் மணியடிக்கிறார் என்று நினைப்பீர்கள்.

சாதாரண தரப் பெறுபேறு வந்து, உயர்தர வகுப்புக்குப் பிள்ளைகளைப் பதியும் நாள் அது. கலை, வர்த்தகம், கணிதம், விஞ்ஞானம் என்று நான்கு பிரிவுகள். எங்கள் பாடசாலை மலைச்சரிவில் படிப்படியாகக் கட்டப்பட்டது. விஞ்ஞான ஆய்வுகூடம் உச்சியில் இருந்தது. கலைப்பிரிவு வகுப்பு அடிவாரத்தில், மைதானத்தை ஒட்டி. மழை பெய்தால் மேலே இருப்பவர்களின் அறிவைத் தவிர மற்றதெல்லாம் எங்களிடம் வழிந்து வந்து சேரும். நான் தமிழும் வரலாறும் படிப்பித்ததால் அடிவாரத்து ஆள்.

பாடசாலை மண்டபத்தில் பெயர் பதியும் மேசையில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்து மேசைகளில் இன்னும் மூன்று ஆசிரியர்கள். எனக்கு ஒரு பழக்கம்: நாலு பேர் கூடினால் அவர்களைச் சிரிக்க வைக்காமல் விடமாட்டேன். சிரிக்க வைப்பவனிடம் யாரும் ஊர், பேர், பூர்வீகம் விசாரிப்பதில்லை என்பதை நான் சின்ன வயதிலேயே கண்டுபிடித்திருந்தேன்.

பகல் ஒரு மணியிருக்கும். ஒரு அம்மா வந்து நின்றார். தலையில் கொழுந்துக்கூடைக் கயிறு அழுத்திய தடம். அன்றைக்கு அரை நாள் வேலைக்கு மட்டும் பேர் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார் என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

"எம் மகளுக்கு அம்மை போட்டிருக்குங்க சார். அதான் நான் வந்தேன்."

பெயர், பிறந்த திகதி, தோட்டம் எல்லாம் கேட்டு எழுதினேன். அடுத்த கட்டத்துக்கு வந்தேன்.

"எந்தப் பிரிவு?"

"கீழ்ப்பிரிவுங்க, சார்."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பிரிவு என்றால் ஒன்றுதான். பெரிய தோட்டத்தை மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று பிரித்து வைத்திருப்பார்கள். கடித விலாசத்திலும் அது வரும், கலியாணப் பத்திரிகையிலும் வரும். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பேனை பிடித்திருக்கும் எவன் "எந்தப் பிரிவு?" என்று கேட்டாலும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், அந்தப் பதில்தான் வரும். இது எனக்குத் தெரியாதா? நானே நானுஓயாவுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் பிறந்தவன். ஆனால் ஆசிரியர் அறையில் 'நுவரெலியாப் பக்கம்' என்று மட்டும்தான் சொல்லி வைத்திருந்தேன். பக்கம் என்ற சொல்லுக்குள் ஒரு முழுத் தோட்டத்தையே ஒளித்துவிடலாம்.

அந்த மண்டபத்தில் அந்தப் பதில் எவ்வளவு சரியானது என்று தெரிந்த ஒரே ஆசிரியர் நான்தான். முதலில் சிரித்ததும் நான்தான்.

"கீழ்ப்பிரிவா? எங்ககிட்ட கீழ இருக்கிறது கலைப்பிரிவுதாம்மா. அங்கேயே போட்டுருவோம்!"

மூன்று மேசையும் சிரித்தது. வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அந்த அம்மாவும், எதற்கென்று தெரியாமலே, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தச் சந்தோஷத்தில் நான் உண்மையாகவே 'கலை' என்று எழுதினேன். மையால். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு.

"சார், புள்ள என்னமோ ஒரு பேரு சொல்லி விட்டுச்சு..." என்று அவர் ஆரம்பித்தார்.

"அடுத்த ஆள் வாங்க!" என்றேன்.

பத்து நாள் கழித்து அதிபர் என்னைக் கூப்பிட்டார். உள்ளே விஞ்ஞான ஆசிரியை கையில் ஒரு பெறுபேற்றுத் தாளோடு நின்றார்.

"கணிதத்திலயும் விஞ்ஞானத்திலயும் விசேட சித்தி எடுத்த பிள்ளையை யார் கலைக்குப் போட்டது? எனக்கு வகுப்பில இடம் இருக்கே!"

அதிபர் என்னைப் பார்த்தார். "விளையாட்டுக்கு எழுதினேன் சார், மறந்துவிட்டேன்" என்று சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு முடிந்திருக்கும். ஆனால் என் வாய் என்னைக் கேட்காமலே பதில் சொன்னது:

"அவங்க அம்மாதான் கலை வேணும்னு கேட்டாங்க, சார்."

"அப்படியானால் எழுத்தில் வாங்கி வாருங்கள். பட்டியல் நாளைக் காலையில் கல்வித் திணைக்களத்துக்குப் போகிறது. போன பிறகு மாற்ற முடியாது."

பாடசாலை விட்டதும் ஒரு கொப்பித் தாளில், அந்த அம்மா எழுதுவது போல, ஒரு கடிதம் எழுதினேன். 'எனது மகள் கலைப்பிரிவில் கற்பதையே நான் விரும்புகிறேன்.' பிறகு இன்னொன்றும் எழுதினேன். 'என்னால் தவறுதலாக வழங்கப்பட்ட தகவலினால் எனது மகள் கலைப்பிரிவில் சேர்க்கப்பட்டுள்ளார். அவரை விஞ்ஞானப் பிரிவுக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.' இரண்டாவதை மனச்சாட்சிதான் எழுத வைத்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். உண்மையில் அது, அந்த அம்மா சண்டைக்கு வந்தால் தப்பிப்பதற்கு. இரண்டு கடிதத்தையும் நன்றாகப் பாருங்கள். எதில் கைநாட்டு வைத்தாலும் நான் சுத்தமானவன்.

முதல் கடிதம் சட்டைப் பையில். இரண்டாவது காற்சட்டைப் பையில். அலுவலகத்து மைப்பெட்டி கையில். புறப்பட்டேன்.

பஸ்ஸை விட்டிறங்கி இரண்டு மைல் ஏற்றம். புதுச் சப்பாத்து. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. காலில் அட்டை ஏறியது. ஒரு லயத்து நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது. அதனிடமும் "அம்மாதான் கேட்டாங்க" என்று சொல்லிவிடுவேன் போல இருந்தது. போகிற வழியெல்லாம் ஒத்திகை. வேலை போய்விட்டது, ஊரில் அப்பா தலையில் அடித்துக்கொள்கிறார், எனக்குப் பார்த்திருந்த பெண்ணுக்கு வேறு மாப்பிள்ளை வந்துவிட்டான், அவனும் ஆசிரியன், அவன் நிரந்தரமானவன் என்று வரைக்கும் யோசித்துவிட்டேன். அந்த இரண்டு மைலில் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு தடவைகூட யோசித்ததாக ஞாபகம் இல்லை.

கீழ்ப்பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்து மணி. அந்த அம்மா அப்போதுதான் கொழுந்தை எடை நிறுத்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்காமலே நின்றுகொண்டிருந்தார்.

"ஐயோ, சாரு! என்னா சார் இது, கானுக்குள்ள விழுந்து எந்திரிச்ச மாதிரி வாறீங்க? உள்ளுக்கு வாங்க. ஏய் புள்ள, சாருக்கு சாயத்தண்ணி ஊத்து!"

நான் வாசலை ஒட்டிய இஸ்தோப்பில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். மகள் வந்தாள். முகத்தில் அம்மைத் தழும்பு இன்னும் ஆறவில்லை. தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு என் பின்னால் கதவோரம் நின்றுகொண்டாள். தாயிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து நாளாகப் பேசுவதே இல்லையாம். தாயே சொன்னார்.

"பத்தொம்பது வருசமா விடியக்காலையில பெரட்டுல நின்னு வேலைக்கிப் பேரு குடுக்கிறேன் சார், ஒரு நாள் தப்பாச் சொன்னதில்ல. அன்னைக்கு அங்க வந்து என்னமோ ஒளறிட்டேன். இவ, விஞ்ஞானம்னு சொல்லும்மா, விஞ்ஞானம்னு சொல்லும்மான்னு தலபாடா அடிச்சுச் சொல்லி அனுப்புனா. எனக்கு அந்தப் பேரு வாயில வரல்ல. எல்லாரும் சிரிச்சாங்களா, அதோட எல்லாம் மறந்து போச்சு."

நான் தேநீரைக் குடித்தேன். சூடாக இருந்தது.

பிறகு சட்டைப் பையிலிருந்து முதல் கடிதத்தை எடுத்தேன். ஆம், எல்லாம் கேட்ட பிறகும் முதல் கடிதத்தைத்தான் எடுத்தேன். பெஞ்சில் விரித்து வைத்து, மைப்பெட்டியைத் திறந்தேன்.

"ஒரு சின்ன கடுதாசிம்மா. கைநாட்டு வெச்சா போதும்."

அவர் பெருவிரலைப் படங்கில் துடைத்துக்கொண்டு நீட்டினார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவே இல்லை.

"நான் வாசிச்சுப் பாக்கவா, சார்?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

நம்புங்கள், அந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்பதையே மறந்துவிட்டிருந்தேன். படிப்பிக்கிறவனுக்கு!

"பொறும்மா, பொறும்மா... இது வேற கடுதாசி" என்று அதை மடித்துச் சட்டைப் பைக்குள் தள்ளினேன். அவசரத்தில் பாதி வெளியே நின்றது. காற்சட்டைப் பையைத் துழாவி மற்றதை எடுத்துக் கொடுத்தேன். பிள்ளை நிமிர்ந்து நின்று, வகுப்பில் வாசிப்பது போல உரக்க வாசித்தாள். 'விஞ்ஞானப் பிரிவுக்கு மாற்றித் தருமாறு' என்ற இடத்தில் தாய் "மாரியாத்தா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிள்ளை மட்டும் கடிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சார், 'என்னால் தவறுதலாக வழங்கப்பட்ட'ன்னு இருக்கு. அம்மா என்னா தவறு செஞ்சாங்க? அவங்ககிட்ட எந்தப் பிரிவுன்னு கேட்டாங்க, சொன்னாங்க."

நான் மைப்பெட்டியை அந்த அம்மாவின் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

என்னைக் காப்பாற்றியது அந்த அம்மா. "சும்மா கெடடி! ஒனக்காக அந்த மனுசன் மழையில நனைஞ்சு வந்திருக்காரு, நீ ஞாயம் பேசுறியா?" என்று மகளை அதட்டிவிட்டு, அந்த வரிக்கு நேர் கீழே பெருவிரலை அழுத்தி வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி இரண்டு கையையும் கூப்பினார்.

"மன்னிச்சுக்கங்க சார். எந் தப்பால ஒங்களுக்கு எம்புட்டு அலைச்சல்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பரவாயில்லைங்க. இனிமே கவனமா சொல்லுங்க."

அடுத்த நாள் பட்டியல் திருத்தப்பட்டது. அதிபர் என் தோளில் தட்டி, இளம் ஆசிரியர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்றார். பிள்ளை மேலே ஆய்வுகூடத்துக்குப் போனாள். நான் கீழே வரலாறு படிப்பித்தேன். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் "வணக்கம் சார்" என்பாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தாய் அப்படியல்ல. சம்பள ஞாயிறுகளில் அட்டன் கடைத்தெருவில் என்னைக் கண்டால், முன்னும் பின்னும் போகிறவர்களை நிறுத்திச் சொல்வார்: "இந்த சாருதான். நான் வாய ஒளறிக் கெடுத்தத இவருதான் வந்து நிமித்தினாரு." நான் சிரித்து வைப்பேன். பிறகு பிறகு, தூரத்தில் அவர் தலை தெரிந்தாலே கடைக்குள் புகுந்துகொள்வேன். வேண்டாத விளக்குமாறு இரண்டு வாங்கியிருக்கிறேன். மூன்று வருடத்தில் வலப்பனைப் பக்கம் இடமாற்றம் வந்தது. யாருக்கும் சொல்லாமல், ஏதோ தப்பி ஓடுகிறவன் மாதிரிப் போனேன்.

கனகாலத்துக்குப் பிறகு, இப்போது எனக்கு வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில், ஆசிரியர் கருத்தரங்கு ஒன்றில் அந்தப் பெண்ணைக் கண்டேன். விஞ்ஞான ஆசிரியை. பகல் சாப்பாட்டு நேரத்தில் நானாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைய நாளை ஒன்று விடாமல் சொன்னேன், வழக்கம்போல நடுவில் இரண்டு பகிடியும் சேர்த்து. அவர் சிரிக்கவில்லை.

"தெரியும் சார். அந்த மொதக் கடுதாசிய நீங்க பெஞ்சில விரிச்சப்பவே நான் வாசிச்சுட்டேன். அதுக்கப்புறம்தான் வாசிக்கவான்னு கேட்டேன்."

"அப்ப ஏம்மா அன்னைக்கே அம்மாகிட்ட சொல்லல்ல?"

"சொன்னேனே. எத்தன தடவ! நம்பல்ல. 'அந்த சாரா? போடி'ன்னுட்டாங்க. நீங்க சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க." சோற்றுப் பொதியை மடித்துக்கொண்டே சொன்னார்: "அம்மா போயி மூணு வருசமாச்சு, சார்."

வாழ்க்கையில் நான் செய்த தவறுகளை எல்லாம் எப்படியோ பகிடியாக்கிச் சொல்லிக் கடந்துவிட்டேன். ஆனால் நான் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை அந்த அம்மா என்னிடம் கேட்டதும், நான் அதைக் கொஞ்சமும் கூசாமல் கொடுத்ததும், இன்றைக்கும் என்னால் சிரித்துச் சொல்ல முடியாத கதையாகவே இருக்கிறது.