கல்யாண பீருக்கு ஒரு கத்தல்

எங்கள் பள்ளத்தாக்கில் யாரும் அதிகம் பேசுவதில்லை. அப்படிப்பட்ட ஊரிலேயே ஹால்தோரைப் 'பேசாத ஆள்' என்று தனியாகச் சொல்வார்கள். குளிர்காலத்தில் சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுவது அவர் வேலை. கோடையில் அதே சாலையின் ஓரத்துப் புல்லை வெட்டுவார். இரண்டுக்குமே பேச்சுத் துணை தேவையில்லை.

அவர் கல்யாணம் செய்துகொண்டதும் பேசாமல்தான். இப்போது அவர் மனைவியாக இருக்கும் போர்கில்டின் வீடு அவர் லாரி போகும் பாதையிலேயே இல்லை. ஆனாலும் ஒரு குளிர்காலம் முழுக்க அந்த வீட்டு வாசலில் விடிவதற்கு முன் பனி தள்ளப்பட்டிருந்தது. மார்ச் மாதத்தில் ஒரு நாள் போர்கில்ட் ஜன்னலைத் திறந்து, "யோவ், பனியே தீரப்போவுது. கேக்க வேண்டியத எப்பத்தான் கேப்ப?" என்றார். ஏரிக்கு அந்தக் கரையில் இருந்தவர்களும் அதைக் கேட்டார்கள். ஹால்தோர் தலையாட்டினார். அதையே கேட்டதாக எடுத்துக்கொண்டார் போர்கில்ட்.

போர்கில்டின் குரல் அப்படி. மலையில் மேயும் ஆடுகளை இறக்க அவருக்கு நாய் தேவைப்பட்டதில்லை. சர்ச்சில் அவர் பாடும் நாட்களில் கதவைத் திறந்து வைப்பார்கள், சத்தம் வெளியே போக.

எங்கள் ஊரில் பீர் காய்ச்சுகிற வீட்டுக்கு அப்படி ஒரு குரல் வேண்டும். ஜூனிப்பர் என்ற மலைப்புதரின் கிளைகளைப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில், முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டை ஊறவைத்து, வடித்து, சாற்றைக் காய்ச்சி, மரத்தொட்டியில் ஆறவிடுவோம். கறந்த பாலின் சூட்டுக்கு வந்ததும், ஈஸ்ட் காய்ந்து ஒட்டியிருக்கும் மரவளையத்தை உள்ளே இறக்குவோம். அந்த நொடியில் தொட்டிக்குள் தலையை நீட்டி, அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் கத்த வேண்டும். கெட்டது எதுவும் அண்டாமல் இருக்கவே என்பார்கள் சிலர். ஈஸ்ட்டை எழுப்புவதற்கு என்பார்கள் சிலர். கத்தல் எவ்வளவோ பீர் அவ்வளவு என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

கல்யாணமான புதிதில் ஹால்தோரே ஒருமுறை கத்தினார். பக்கத்தில் நின்றவர்கள் அவர் தொண்டையைச் செருமியதாக நினைத்து, கத்தலுக்காகக் காத்திருந்தார்கள். அந்த பீர் ஒரு குமிழிகூட விடாமல் தொட்டியில் கிடந்தது. 'பிரசங்க பீர்' என்று பேர் வைத்தார்கள். குடித்தால் தூக்கம் மட்டும்தான் வரும். அதற்குப் பிறகு காய்ச்சுவது ஹால்தோர், கத்துவது போர்கில்ட் என்று ஆனது. அந்த வீட்டு பீருக்கு ஈடாகப் பள்ளத்தாக்கில் இன்னொரு பீர் இல்லை.

இவர்களுடைய மகள் சுன்னிவாவுக்குப் போன வருடம் செப்டம்பர் கடைசியில் கல்யாணம் வைத்தார்கள். பெண் வீட்டு பீர் சரியில்லை என்றால் பெண்ணைப் பற்றியே பேசுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் வேறு கடற்கரைப் பக்கத்து ஆட்கள், பேசுவதற்கென்றே பிறந்தவர்கள். அந்த நேரம் பார்த்துப் போர்கில்டின் தொண்டையில் ஒரு கட்டி. பெர்கன் நகரத்தில் ஆபரேஷன் செய்த டாக்டர், ஒரு மாதத்துக்கு முணுமுணுக்கக்கூடக் கூடாது, ஒரே ஒரு தடவை கத்தினாலும் குரல் திரும்பி வராது என்று சொல்லி அனுப்பினார். போர்கில்ட் கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு, கையில் ஒரு பாத்திரமும் கரண்டியுமாக வீட்டுக்கு வந்தார். ஒரு தட்டு தட்டினால் ஆமாம். இரண்டு தட்டினால் இல்லை. விடாமல் தட்டினால், ஹால்தோர் தானே யோசித்துக்கொள்ள வேண்டும்.

பீர் காய்ச்சிய சனிக்கிழமை சாறு தொட்டியில் ஆறிக்கொண்டிருந்தபோது, ஹால்தோர் யாரும் வராத மேல் மேய்ச்சல் வெளிக்குத் தனியாக ஏறினார். கத்திப் பழக.

முதலில் வந்ததெல்லாம் இருமல் மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார். பிறகு சுன்னிவாவின் கல்யாணத்தில் விருந்தாளிகள் கிண்ணத்தை முகர்ந்து பார்த்துக் கீழே வைப்பதை நினைத்துக்கொண்டாராம். கண்ணை மூடினார். அடுத்து வந்த சத்தம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. சத்தம் நின்ற பிறகுதான் அது தன்னுடையது என்று புரிந்தது. திருப்தியாக இறங்கத் தொடங்கினார்.

மேய்ச்சல் வெளிக்கு எதிர்ச்சரிவில் ஓஸ்லோக்காரர் பிரேபெனின் விடுமுறை வீடு. அவர் காபிக் கோப்பையைக் கீழே போட்டுவிட்டு அவசர எண்ணை அழைத்தார்.

மலையில் காணாமல் போகிறவர்களைத் தேடும் ஊர்க் குழுவில் நானும் இருக்கிறேன். ஹால்தோர் என் அப்பா வயதுக்காரர்; குழு தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். எல்லோருடைய கைபேசியும் ஒரே நேரத்தில் அலறியது. அவருடையதும்தான். மேய்ச்சல் வெளியின் அடிவாரத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"பாருங்க, எல்லாருக்கும் முன்னாடி வந்து நிக்கிறாரு," என்றார் குழுத் தலைவி அஸ்லாக். "நீங்களும் இருக்கீங்களே."

ஹால்தோர் வாயைத் திறந்தார். அதற்குள் அஸ்லாக் வரைபடத்தை விரித்துவிட்டார். வாய் மூடிக்கொண்டது.

அஸ்லாக் ஹால்தோரையும் என்னையும் எப்போதும் ஜோடியாகத்தான் போடுவார். இரண்டு பேரும் பேசாததால் வாக்கி டாக்கியின் பேட்டரி மிச்சமாகும் என்பார். நாங்கள் மேய்ச்சல் வெளிக்கு ஏறினோம். மற்றவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேடினார்கள். ஹால்தோர் கூப்பிடவில்லை. ஆனால் பாறை இடுக்குகளில் எல்லாம் குனிந்து பார்த்தார், மிகுந்த அக்கறையோடு. நடுநடுவே கீழே தெரிந்த தன் வீட்டைப் பார்த்தார்.

துருல்தே என்ற தேடும் நாய் ஓடி வந்து ஹால்தோரின் முன்னால் உட்கார்ந்து குரைத்தது. ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் அது அப்படித்தான் செய்யும். அவர் அதற்கு ஒரு துண்டு தொத்திறைச்சி கொடுத்தார். அது போவதாக இல்லை.

"ஏய் துருல்தே, தேடுன்னா மாமாகிட்ட தீனி கேக்குறியா? போ அந்தப் பக்கம்," என்று கீழிருந்து அதட்டினார் அஸ்லாக். நாய் இரண்டடி போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தது.

மதியம் அஸ்லாக், எல்லோருக்கும் சூப் வைக்கச் சொல்லலாம் என்று போர்கில்டைத் தொலைபேசியில் அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"போர்கில்டு, நாந்தான். நீ பேச வேணாம். இங்க ஒருத்தரைத் தேடிட்டிருக்கோம். உங்க பக்கம் யாராச்சும் காணாமப் போயிருக்காங்களா?"

டங்.

எல்லோரும் நின்றோம்.

"உங்க வீட்டு ஆளா?"

டங்.

"சுன்னிவாவா?"

டங் டங்.

"அப்ப யாரு? வீட்ல வேற யாரும் இல்லையே. ஹால்தோரு இங்க எங்களோடதான் இருக்காரு."

அந்தப் பக்கம் கரண்டி கீழே விழும் சத்தம். பிறகு பாத்திரம் உடைந்துவிடும் போலத் தட்டல், நிற்கவே இல்லை.

"பாவம், பயந்துட்டா," என்று அஸ்லாக் இணைப்பைத் துண்டித்தார். "நிலைமை சரியில்ல. ஹெலிகாப்டர் கேக்குறேன்."

ஹால்தோரின் முகம் வெளுத்தது. என் சட்டைக் கையைப் பிடித்து ஒரு பாறைக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"அது நான்தான்," என்றார்.

"எது?"

"கத்துனது. பழகிட்டிருந்தேன். சாறு ஆறுது."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாம்னுதான் இருந்தேன். எல்லாரும் மும்முரமா இருந்தீங்க." கொஞ்சம் யோசித்து, "நீ சொல்லிடேன்," என்றார்.

நான் போய்ச் சொன்னேன். அஸ்லாக் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஹால்தோரு கத்துனாரா? இவரு தும்மியே நான் கேட்டதில்ல."

"ஆமா," என்றார் ஹால்தோர்.

"பிரேபென் சொன்னது வேறப்பா. உசுரு போற சத்தம்னாரு."

பிரேபெனையே அழைத்து வந்தார்கள். விலை உயர்ந்த மலையேற்றச் சட்டை போட்டிருந்தார். அஸ்லாக் ஹால்தோரைக் கத்தச் சொன்னார். குழு முழுக்கச் சுற்றி நின்றது. ஹால்தோர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "ஓ," என்றார்.

பிரேபென் மரியாதையாகத் தலையை ஆட்டினார். "இல்லீங்க. நான் கேட்டது சாகப்போற ஆளோட குரல். இவரு பஸ்ஸ நிறுத்துறாரு."

"பாத்தீங்களா," என்றார் அஸ்லாக். "கேட்டவரே இல்லைங்கிறாரு. தேடுறத நிறுத்த எனக்கு அதிகாரமில்ல."

ஹால்தோர் வாழ்நாளில் பேசிய மிக நீளமான பேச்சு அப்போது வந்தது. "சாறு ஆறிப்போச்சுன்னா ஈஸ்ட் எந்திரிக்காது. கல்யாணத்துக்கு பீர் இருக்காது. நான் தொட்டிகிட்டப் போயிக் கத்தித்தான் ஆவணும். அவரும் வந்து கேக்கட்டும். எல்லாரும் வாங்க." சொல்லி முடித்து அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அஸ்லாக் ஹெலிகாப்டரைச் சற்றுத் தள்ளிப்போட்டார். எல்லோரும் வண்டிகளில் கிளம்பினோம்.

தொட்டி வைத்திருந்த கொட்டகையில் போர்கில்ட் ஒரு கையைச் சாற்றுக்குள் விட்டபடி நின்றிருந்தார். தொட்டியைச் சுற்றி ஆட்டுத்தோல்கள், போர்வைகள், மணமகளுக்கென்று நெய்து வைத்த கம்பளிகூட. உள்ளே நுழைந்த ஹால்தோரைப் பார்த்த பார்வைக்குக் கரண்டியே தேவைப்படவில்லை. அவருக்குப் பின்னால் தலைக்கவசம் மாட்டிய கூட்டமும் நாயும் நுழைவதைப் பார்த்ததும், அந்தப் பார்வையும் குழம்பிவிட்டது.

ஹால்தோர் சாற்றில் விரலை விட்டார். "சூடு போயிட்டே இருக்கு," என்றார். வளையத்தை இறக்கினார். தொட்டிக்குள் தலையை நீட்டினார். வாயைத் திறந்தார்.

ஒன்றும் வரவில்லை.

ஹால்தோரின் கழுத்து சிவந்தது. மறுபடி திறந்தார். காற்று மட்டும் வந்தது.

"பஸ் போயிருச்சு," என்றது பின்னால் ஒரு குரல்.

போர்கில்ட் பாத்திரத்தைக் கீழே வைத்தார். கழுத்தில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். தொட்டியின் மறுபக்கம் வந்து நின்று, மார்பு நிறைய மூச்சை இழுத்தார். ஆடுகளைக் கூப்பிடுவதற்கு முன் இழுக்கும் அதே மூச்சு. ஹால்தோர் அதைப் பார்த்தார்.

அப்போது ஹால்தோர் கத்தினார்.

அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. துருல்தே மேசைக்கு அடியில் போனது. கூரையிலிருந்து நூற்றாண்டுப் புகைக்கரி கொட்டியது. தொட்டிச் சாறு நடுங்கி வளையம் வளையமாக விரிந்தது. போர்கில்ட் இழுத்த மூச்சைச் சத்தமில்லாமல் வெளியே விட்டார்.

"இதுதான்," என்றார் பிரேபென். அவர் கண்ணில் நீர் இருந்தது. "சத்தியமா இதுதான்."

அஸ்லாக் வாக்கி டாக்கியை எடுத்தார். "ஆள் கிடைச்சாச்சு. உயிரோட இருக்காரு. இல்ல, காயம் எதுவும் இல்ல. பீர் காய்ச்சிட்டிருக்காரு." கொஞ்சம் கேட்டுவிட்டு, "ஆமா, காலையிலேருந்து எங்களோடதான் இருந்தாரு," என்றார்.

மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்த துருல்தே, ஹால்தோரின் முன்னால் உட்கார்ந்து குரைத்தது. இந்த முறை எல்லோரும் அதைத் தட்டிக்கொடுத்தார்கள்.

மறுநாள் காலையில் நுரை தொட்டியைத் தாண்டி, ஆட்டுத்தோலை நனைத்து, வாசல் வரை வந்திருந்தது. பீப்பாய்க்கு மாற்றும் மாலையில் ருசி பார்க்க அக்கம்பக்கத்தார் அழைக்காமலே வருவது எங்கள் வழக்கம். தேடும் குழு முழுவதும் வந்தது. பிரேபென் தனக்கும் ஒரு கிண்ணம் உரிமைப்படி சேர வேண்டும் என்றார், மறுக்க முடியவில்லை. விடிந்தபோது கல்யாணத்துக்குப் பீப்பாயில் பாதிகூட மிச்சமில்லை. போர்கில்ட் விடாமல் பாத்திரத்தைத் தட்டினார். ஹால்தோர் தானே யோசித்து, இன்னொரு முறை அடுப்பு மூட்டினார்.

கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பா முதல் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. கடற்கரை ஆள் ஒருவர் வாயடைத்து நாங்கள் பார்த்தது அன்றுதான். பிறகு, "யாரு கத்துனது?" என்று கேட்டார். எல்லோரும் ஹால்தோரைக் கைகாட்டினோம். அவர் தலையாட்டினார்.

போர்கில்டின் குரல் நவம்பரில் முழுசாகத் திரும்பிவிட்டது. ஆனால் தொட்டியில் கத்துவது இப்போதும் ஹால்தோர்தான். பீர் காய்ச்சும் நாள் காலையில் காவல் நிலையத்துக்கும் பிரேபெனுக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லிவிட வேண்டும் என்று அஸ்லாக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தொலைபேசி அழைப்பை மட்டும் போர்கில்ட் செய்கிறார். ஹால்தோருக்கு முன்பின் தெரியாதவர்களிடம் பேசக் கூச்சம்.