மூன்று பீப்

மீட்டரக்கா என்றால்தான் அந்தத் தொழிற்சாலையில் அவளைத் தெரியும். ஆஸ்பத்திரிக் கருவிகளுக்குப் போகும் மின்சுற்றுப் பலகைகளைப் பதினாறு வருஷமாக மீட்டர் வைத்து அளந்து பார்த்து அனுப்புகிறவள். அவளுக்கு மேலே சூப்பர்வைசராக உட்கார்ந்திருப்பவன் வேறு யாருமில்லை, கூடப்பிறந்த தம்பிதான். யார் யார் காலிலோ விழுந்து அவனை வேலைக்குச் சேர்த்ததும் அவள், மீட்டரைத் தொடக் கற்றுக்கொடுத்ததும் அவள். பதவி வந்ததும், "இங்க என்னை சார்னு கூப்பிடு" என்றான் துரை. அவளும் சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள், பைத்தியக்காரி.

போன வாரம் அந்த மீட்டர் மூன்று முறை பீப் என்றது. திரை மூலையில் 'பிழை' என்று சிவப்பு எழுத்து எரிந்தது. தன் அளவையே தன்னால் சரிபார்க்க முடியவில்லை என்றால்தான் அது அப்படிக் கத்தும். வேலையைப் போட்டது போட்டபடி தம்பியிடம் ஓடினாள். லாரி வாசலில் நிற்கிறது, எப்படியாவது அளந்து முடி, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். பார்த்துக்கொண்ட லட்சணம், அளவு தப்பென்று அறுபது பலகைகள் திரும்பி வந்தன. மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, இவள் கைதான் சரியில்லை என்று பழி அவள் தலையில் விழுந்தது. வேலையே போகும் நிலை.

அவள் அசரவில்லை. மீட்டர் தன் பிழைகளைப் பீப்புக்கு ஒரு வரியாக ஞாபகம் வைத்திருக்கும். ஒருமுறை படித்துவிட்டால் அந்த வரி அழிந்துவிடும், சுவிட்சை அணைத்தாலும் எல்லாம் போய்விடும். விசாரிக்க வரப்போகும் மேலாளரே தன் கையால் படிக்கட்டும் என்று அவள் அதைத் தொடாமல், சுவிட்சின்மேல் டேப் ஒட்டி வைத்திருந்தாள். டீ இடைவேளையில் தம்பியிடம் மட்டும் இதைச் சொன்னாள். கவலைப்படாதே என்றான்.

மறுநாள் காலை மேலாளர் வந்தபோது சிவப்பு எழுத்தைக் காணவில்லை. மேலாளர் பொத்தானை அழுத்தினார். பிழை ஏதும் இல்லை என்றது திரை. டேப் அப்படியே இருந்தது. மின்சாரம் போய் வந்திருந்தால் திரை முதல் பக்கத்தில் நின்றிருக்கும். அதுவோ நேற்று அவள் விட்டுப்போன அளவுப் பக்கத்திலேயே நின்றிருந்தது. அப்படியானால் யாரோ மூன்று வரிகளையும் நிதானமாக, ஒவ்வொன்றாகப் படித்து அழித்திருக்கிறார்கள்.

மீட்டர் கெட்டதை இந்தம்மா உன்னிடம் சொன்னாளா என்று தம்பியிடம் கேட்டார் மேலாளர்.

"அப்படி எதுவும் சொன்னதா ஞாபகம் இல்ல சார்" என்றான், தரையைப் பார்த்து.

பாவி. இவனுக்கா பள்ளிக்கூடத்து ஃபீஸ் கட்டினோம் என்று நினைத்தபடி மீட்டர் பக்கம் திரும்பினாள்.

"இது மூணு தடவை கத்துச்சு சார், இந்த வரிசைல இருக்கற எல்லாருக்கும் கேட்டுச்சு. அதைப் படிச்சு அழிக்கத் தெரிஞ்சவங்க இங்க ரெண்டே பேர். ஒண்ணு நான். இன்னொண்ணு நான் சொல்லிக்கொடுத்த ஆள்."

மேலாளர் மெல்லத் தம்பியின் பக்கம் திரும்பினார்.

"அக்கா" என்றான் அவன். பதவி வந்த நாளிலிருந்து தொழிற்சாலைக்குள் அவன் வாயில் வராத வார்த்தை.

அவள் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொல்லுங்க சார்" என்றாள்.