தோளைத் தொட்டு வழி சொன்ன ரோடு

சைக்கிளில் பின்னால் உட்காருவதற்கும் பழக்கம் வேண்டும். இரண்டு காலையும் ஒரே பக்கம் தொங்கப்போட்டு, முந்தானையைச் சக்கரம் தின்றுவிடாமல் மடிக்குள் சுருட்டி வைத்துக்கொள்ள வேண்டும். மேட்டில் ஏறும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். கனம் குறையும் என்று ஒரு நம்பிக்கை. என் வீட்டுக்காரர் மிதித்துக்கொண்டே சிரிப்பார்.

"நீ மூச்ச விடுட்டி. மிதிக்கிறது நான்லா."

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல வீட்டுப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். அதனால் முன்னே பின்னே இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜபாளையத்தில் சைக்கிள் என்பதே அதிசயமாக இருந்த காலம் அது. ரோட்டில் ஒன்று போனால் வீட்டுக்குள் இருக்கிறவர்கள் அடுப்பை விட்டுவிட்டு வந்து பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் நின்ற சைக்கிள் எங்களுடையது அல்ல, மாங்காய் வியாபாரி ராவுத்தருடையது. மலையடித் தோப்புகளைப் பூப்பிடித்ததிலிருந்து காய் இறங்குகிறவரை சுற்றிப் பார்த்து, எந்தத் தோப்பில் காய் நிற்கும், எதில் உதிரும் என்று ராவுத்தரிடம் போய்ச் சொல்வதுதான் என் வீட்டுக்காரருக்கு வேலை. மம்சாபுரத்துக்கு மேற்கே ஏறி இறங்கும் பாதைகளில் நடந்து மாளாது என்பதால்தான் சைக்கிளைக் கொடுத்திருந்தார்.

கல்யாணமான இரண்டாம் வருஷம், தை மாதம். ஒரு நாள் சாயங்காலம் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முழங்காலில் ரத்தம். தண்ணீர்ச் செம்பை நீட்டினேன். அவர் கை செம்புக்குப் பக்கத்தில், வெறும் காற்றைப் பிடித்தது. நான் செம்பை நகர்த்திக் கையில் வைத்தேன். ஒரே மூச்சில் குடித்தார். அப்புறம் அவரே சொன்னார்.

"பொழுது சாஞ்சா ஒன்னுமே தெரிய மாட்டேங்குது. யார்ட்டயும் சொல்லிராத. ராவுத்தருக்குத் தெரிஞ்சா சைக்கிளைப் பிடுங்கிருவாரு. பொறவு நான் கங்காணி பொறத்தால போக வேண்டியதுதான்."

கங்காணி என்றால் சிலோன் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் கூட்டிப் போகிறவன். அவருடைய அண்ணன் அப்படித்தான் போனார். போனவர் என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது. என் மாமியார் மூத்த மகனுக்கும் சேர்த்துச் சோறு வடிப்பதை வெகுநாள் விடவில்லை. பகலில் கண் தெரிகிற மனுஷன் போயே அந்தக் கதி. இவர் மாலைக்கண்ணோடு போனால் என்ன ஆகும்?

மாலைக்கண்ணுக்கு மருந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆட்டு ஈரல். ஆனால் ராவுத்தர் கடைக்கு நேர் எதிரே இருந்தது கறிக்கடை. கறி வாங்காமல் ஈரலை மட்டும் நாலு நாள் வாங்கினால், வீட்டில் யாருக்குக் கண் போச்சு என்று கடைக்காரனே தெருவைக் கூப்பிட்டுக் கேட்பான். அந்த வழியும் அடைத்துவிட்டது.

பக்கத்துத் தோப்புகளைப் பார்த்துவிட்டுப் பொழுதோடு திரும்பிவிடுவார். தூரத்துத் தோப்புகளுக்குப் போகும் நாளில்தான் இருட்டிவிடும். அன்றைக்கே வந்து சேதி சொல்லவில்லையென்றால் ராவுத்தர் எங்கள் வீட்டுக்கே ஆள் விடுவார். அதனால் நான் ஒரு வேலை செய்தேன். மலையடியில் இருக்கிற எங்கள் குலசாமிக்குப் பிள்ளை வேண்டி விளக்குப் போடுவதாக நேர்ந்துகொண்டிருக்கிறேன் என்று மாமியாரிடம் சொன்னேன்.

"இம்புட்டு நாளும் இல்லாத நேர்த்தி இப்ப எங்கிருந்துட்டி வந்துச்சு?"

"கனவுல வந்துச்சு அத்தை."

"எம் மகன் கைக்குச் சைக்கிள் வந்த பொறவுதான் சாமி உன் கனவுல வருதாக்கும்."

ஆனாலும் சாமி காரியம். வேண்டாம் என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? தூரத்துத் தோப்புக்குப் போகிற செவ்வாயும் வெள்ளியும் நான் சாக்கை மடித்துப் பின்னால் போட்டு ஏறி உட்கார்ந்தேன்.

போகிற வழி முழுக்க வெயில் இருக்கும், அவருக்குக் கண் தெரியும். எனக்கு ஒரு வேலையும் இல்லை. மாம்பூ வாசத்தில் தலை கிறுகிறுக்கும். மேட்டின் தலைக்கு ஏறிவிட்டால் மிதிக்காமலே கீழே வரை ஓடும். காது குளிர்ந்துபோகும். எதிரே மலை அசையாமல் நிற்கும், நாங்கள் மட்டும் ஓடுவோம். பேசவே தோன்றாது. இருந்தாலும் பொழுது மேற்கே இறங்க இறங்க என் கண் ரோட்டுக்குப் போய்விடும்.

திரும்பும்போது நான்தான் அவருக்குக் கண். கல், பள்ளம், எதிரே வண்டி என்று சொல்லிக்கொண்டே வருவேன். எங்கள் பக்கத்தில் இடது வலது என்று யாரும் சொல்வதில்லை. உலைப்பானையைக்கூட "செத்த கிழக்க தள்ளி வை" என்போம். அதனால் கிழக்கே, மேற்கே என்றே சொல்லி வந்தேன். அவரும் சரியாகத்தான் திருப்பினார். மலை மேற்கே இருக்கிறது, ஊர் தெற்கே இருக்கிறது, இதில் தப்ப என்ன இருக்கிறது?

ஒரு செவ்வாய்க்கிழமை எதிரே இரட்டை மாட்டு வண்டி வந்தது. "மேற்க ஒதுங்குங்க!" என்றேன். அவர் ஒடித்தார். அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் ஓடைக்குள் கிடந்தோம். மேலே சைக்கிள்.

"மேற்கன்னுதானட்டி சொன்ன? மேற்கதான ஒடிச்சேன்!"

"நீங்க ஒடிச்சது கிழக்க."

"அதெப்படி? மலை எனக்குச் சோத்தாங்கைப் பக்கம்லா இருக்கு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கண்மாய்க்கரையைச் சுற்றிக்கொண்டு ரோடு மெல்ல வடக்கே திரும்பிவிட்டது. வண்டித் தடத்துக்குள்ளே சக்கரம் தானாக ஓடியதால் திரும்பியது அவருக்குத் தெரியவில்லை. மலை பீச்சாங்கைப் பக்கம் வந்துவிட்டது. கண் தெரிகிற எனக்கு மலையைப் பார்த்தால் மேற்கு தெரியும். அவருக்கு மலையே இல்லையே.

வண்டிக்காரன் இறங்கி வந்து எங்களைத் தூக்கிவிட்டான். "பொம்பளையப் பின்னால வச்சா இப்படித்தான், ரோடு கண்ணுக்குத் தெரியாது" என்றான். அவர் வேட்டியை உதறினார். என் கை வளையல் உடைந்திருந்தது. அது போகட்டும். முன்சக்கரக் கம்பி ஒன்று வளைந்திருந்ததைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

அதற்குப் பிறகு வாயால் சொல்லவில்லை, தோளைத் தொட்டேன். எந்தத் தோளில் கை படுகிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். இரண்டு தோளையும் அழுத்தினால் நிறுத்த வேண்டும். ஓடையில் விழவில்லை, ஆனால் ஊர் வாயில் விழுந்தோம். பட்டப்பகலில் புருஷன் பக்கத்தில் நடக்கவே கூசுகிற காலத்தில் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தால் விடுவார்களா? கிணற்றடியில் ஒருத்தி கத்தினாள்.

"ஏட்டி, கைய எடு! அவரு ஒன்னும் பறந்துற மாட்டாரு!"

இன்னொருத்தி, "நேர்த்தி பலிக்கும்டி, பலிக்கும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதைச் சொல்லாமல் என்ன? ஆனால் மாமியார் காதுக்குப் போனபோது அவர் சிரிக்கவில்லை. என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். உண்மையைச் சொன்னால் பேசிவிடுவார்தான். இன்னொரு மகனும் சிலோனுக்கா என்று அன்றைக்கே படுத்துவிடவும் செய்வார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பங்குனிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பொழுது அடங்குகிற மசங்கல் நேரம். ரோட்டோரம் நிறுத்திய மாட்டுவண்டிக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியோடு ஒருவர் கையை உயர்த்தி நின்றார். ராவுத்தர்! தோப்பு பார்க்கத் தானே வந்துவிட்டார் போலிருக்கிறது. நான் இரண்டு தோளையும் அழுத்தினேன். சைக்கிள் நின்றது. என் வீட்டுக்காரர் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, "யாருட்டி?" என்றார்.

ராவுத்தர் பக்கத்தில்தான் நின்றார். கையிலிருந்த ஒரு பிஞ்சை நீட்டினார்.

"ஏம்ப்பா, இதுல வண்டு விழுந்திருக்கா பாரு."

என் வீட்டுக்காரர் கையை நீட்டினார். கை பிஞ்சுக்குப் போகவில்லை. நான் இறங்கி வாங்கி அவர் கையில் வைப்பதற்குள் ராவுத்தர் பார்த்துவிட்டார்.

"எம்புட்டு நாளா?"

"தையிலருந்து மொதலாளி."

"கண்ணு தெரியாதவன் என் சைக்கிளை இந்த மேட்டுல ஓட்டிட்டு வருதான். பொண்டாட்டியையும் பின்னால வச்சிட்டு!" அவர் சத்தம் போட்டார். கோபமா, பயமா, எனக்குத் தெரியவில்லை. "ஓடையில விழுந்து செத்திருந்தா நான் ஊருக்கு என்னப்பா பதில் சொல்லுவேன்?"

"வேலையை எடுத்துராதீக மொதலாளி" என்று நான்தான் சொன்னேன். அன்னிய ஆணோடு நான் பேசிய முதல் பேச்சு அது. "எடுத்தா இவுக சிலோனுக்குப் போயிருவாக."

ராவுத்தர் பிஞ்சைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "காலையில கடைக்கு வா" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிப் போய்விட்டார்.

அன்றைக்கு நாங்கள் சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தோம். வழியெல்லாம் அவர் கேட்ட ஒரே கேள்வி, "அவரு மொகம் எப்படிட்டி இருந்துச்சு?" என்பதுதான். இருட்டில் எனக்கும் சரியாகத் தெரியவில்லை என்று பொய் சொன்னேன்.

காலையில் போனவர் வெயில் ஏறிய பிறகு வந்தார், சைக்கிளோடு. ராவுத்தர் சொன்னது இவ்வளவுதான்: சாயங்கால அசர் தொழுகைக்கு முன்னே சைக்கிள் கடைக்கு வந்துவிட வேண்டும். தூரத்துத் தோப்பென்றால் காவல்குடிசையிலேயே படுத்துக்கொண்டு விடிந்ததும் வர வேண்டும். சேதி ஒரு நாள் பிந்தினால் மாங்காய் ஓடிப்போகாது. முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார் போல. யார் கேட்டது?

மாமியாரிடம் அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னோம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு, "இனி அந்தச் சைக்கிள்ல ஏறாத, பார்க்க நல்லாயில்ல" என்றார்.

என் வீட்டுக்காரர் தனியாகவே போய் வந்தார். செவ்வாயும் வெள்ளியும் காவல்குடிசையில் தங்கிவிடுவார். சிலோன் பேச்சு அதோடு நின்றது. எனக்கு அது போதும், சத்தியமாகப் போதும். ஆனால் மாம்பூ பூக்கிற ஒவ்வொரு தை மாதமும், அந்தக் கண்மாய் வளைவில் தோளில் என் கை இல்லாமல் எப்படித் திரும்புகிறாரோ என்று பகல் வெயிலிலும் நினைத்துக்கொண்டிருப்பேன்.